நடுவில் எழுந்து போகாதவள்

மே 8

கத்திரி வெயில். கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்து விறைத்துப்போகிறது. இப்படியொரு நாளைத் தேர்ந்தெடுத்து, மனிதர்களைச் சூட்டில் உட்காரவைத்து வியர்க்கவிடுவதற்கென்றே கட்டிய ஓர் அறையை எங்கள் முதியோர் குடியிருப்பில் இன்று திறந்துவைத்தார்கள். சௌனா என்று பெயர். பலகைச் சுவர், பலகை இருக்கை, மூலையில் மின்சார அடுப்பு, அடுப்பின்மேல் கற்கள். இதே அனுபவத்தைக் கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் மதியம் இரண்டு மணிக்கு யார் வேண்டுமானாலும் பெறலாம்.

மேலாளர் கோகுல்நாத் உரையாற்றினார். "வயசுங்கிறது வெறும் நம்பர்தான்" என்றார். அவருக்கு முப்பத்தைந்துதான் இருக்கும். அதற்குள் முதுகுவலிக்கு பெல்ட் கட்டியிருக்கிறார். பிறகு சௌனா வாசலில் கணபதி ஹோமம். புகை கூரையைத் தொட்டதும் தீ எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. அதை நிறுத்தத் தெரிந்தவர் விடுமுறையில் போயிருந்தார். பூசை முடியும்வரை மணி ஓயவில்லை. புரோகிதர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு நாச்சம்மாள் அடுப்புக் கற்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குச் சொந்தக்காரர். மெதுவாகப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஏனுங் டீச்சரம்மா, நீங்களும் கும்புட்டுக்குங்க. நாளைக்கு நம்மளத்தான் வேக வெக்கப்போவுது."

நான் டீச்சர் அல்ல. ஒருபோதும் இருந்ததில்லை. ஊட்டியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். வால்பாறைத் தேயிலைத் தோட்ட மேலாளர் சவரிராயனின் மனைவியாக இருந்து இப்போது விதவை. இதை நாச்சம்மாளுக்குப் பலமுறை விளக்கியாயிற்று.

கற்களிலிருந்த குங்குமம் கருகி அறை முழுவதும் நாறியது. எல்லோரும் ஏசி ஹாலுக்குப் போய்க் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். யாருக்கும் வியர்க்கவில்லை.

மே 10

கோகுல்நாத் வீட்டுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றபோதே விஷயம் நல்லதல்ல என்று தெரிந்துகொண்டேன்.

"மேடம், போன மாசம் நீங்க விழுந்தது ரெக்கார்ட் ஆயிருச்சு."

"நான் விழவில்லை. துணி காயப்போடும்போது உட்கார்ந்தேன்."

"தரையிலயா மேடம்?"

"அங்கே நாற்காலி இல்லை."

விதிமுறையை அவர் படித்துக் காட்டினார். இந்தக் குடியிருப்பில் இரண்டு பக்கங்கள். இந்தப் பக்கம் தனி வீடுகள். மதில் ஓரமாக மூன்று மாடிக் கட்டிடம் ஒன்று. அதற்கு 'அரவணைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'அந்தப் பக்கம்' என்று மட்டும் சொல்வோம். ஓர் ஆண்டுக்குள் இருமுறை விழுந்தவர்களை அந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள்.

அந்தப் பக்கம் போனவர்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். ஆளுக்கோர் அறை, சுத்தமான படுக்கை, வேளாவேளைக்குக் கஞ்சி. எல்லாம் ஒழுங்குதான். காலை எட்டு மணிக்கு உதவியாளர் வந்து குளிப்பாட்டுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை யாரும் குளிப்பாட்டியதில்லை. சவரிராயன்கூடக் குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு, நான் பதில் சொன்ன பிறகே துண்டை உள்ளே நீட்டுவார்.

"இன்னொரு தடவை ஆகாம பாத்துக்கங்க மேடம்" என்றார் கோகுல்நாத். "எக்சர்சைஸ், சௌனா, ரெண்டுக்கும் வாங்க. பேலன்ஸ் நல்லா வரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மே 12

ஞாயிறு. ஆன்டன் பின்லாந்திலிருந்து பேசினான். கோகுல்நாத் எல்லாவற்றையும் அவனுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் எழுதிவிட்டிருக்கிறார்.

"மம்மி, நீங்க அரவணைப்புக்குப் போயிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"நான் என் வீட்டில் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். யாருடைய நிம்மதி முக்கியம் என்று நீயே சொல்."

அதை விட்டுவிட்டு அவன் சௌனாவின் பெருமையை எடுத்தான். அங்கே சனிக்கிழமை மாலை ஊரே உள்ளே போய் உட்காருமாம். எண்பது வயதுக்காரர்கள் வியர்த்துவிட்டு வெளியே பனியில் புரள்வார்களாம். ரத்தக்குழாய் விரியுமாம், இதயம் நடைப்பயிற்சி போனதுபோல் உழைக்குமாம், ரத்த அழுத்தம் இறங்குமாம்.

"இங்கே பனி இல்லையே, ஆன்டன்."

"பனி வேண்டாம் மம்மி. தண்ணி நிறைய குடிச்சாப் போதும்."

தண்ணீரைத் தவிர மற்றதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மே 17

சௌனாவுக்கு என்ன உடுத்திப் போவது என்பதே முதல் சிக்கல். நாச்சம்மாள் நைட்டியோடு போகப்போகிறாராம். சிலர் துண்டு மட்டும் என்கிறார்கள். துண்டு ஓர் ஆடை என்று நான் நினைக்கவில்லை.

பள்ளி விடுதியில் நாங்கள் குளியல் அங்கி போட்டுக்கொண்டுதான் குளிப்போம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெள்ளைக் காடாத் துணி. அதற்குள்ளேயே சோப்புப் போட்டு, அதற்குள்ளேயே துவட்டி, அதற்குள்ளேயே உடைமாற்றக் கற்றுக்கொண்டோம். தையல்காரரிடம் படம் வரைந்து கொடுத்தேன். "சர்ச்சு சாமியாருக்குங்களா?" என்று கேட்டார்.

வரும் வழியில் சௌனா வாசலில் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகள். பென்சிலால் திருத்தினேன். ஒற்று விடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. உள்ளே போகுமுன் தண்ணீர் குடிக்கவேண்டும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரவேண்டும் என்று எழுதியிருந்தது. இப்போது பிழையில்லாமல் எழுதியிருக்கிறது.

மே 20

முதல் நாள். காலை ஏழிலிருந்து எட்டுவரை பெண்களின் நேரம்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் மோதியது. மேல் பலகை சூடு, கீழ்ப் பலகை இதம். நான் மேலே உட்கார்ந்தேன். நாச்சம்மாள் கீழே உட்கார்ந்து பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய மோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, பாதிரியாராட்டம் இருக்கறீங்கொ. பாவமன்னிப்பு கேக்கலாமுங்களா?"

"பேசாமல் வியர்க்கலாம்."

"மோரு குடிங்க."

"வேண்டாம். நன்றி."

அவர் மோர் குடித்தார். சற்று நேரத்தில் எழுந்து வெளியே போனார். சூடெல்லாம் வெளியேறியது. திரும்பி வந்தார். மறுபடி மோர். மறுபடி வெளியே. "கதவைச் சாத்துங்கள்" என்றேன். "ஒண்ணுக்கு வந்தா என்னுங் பண்றது?" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பள்ளியின் மதர் கான்ஸ்டன்ஸ் இருந்திருந்தால் மயங்கியிருப்பார். வகுப்பின் நடுவில் கையை உயர்த்தி அதற்காக அனுமதி கேட்ட பெண்ணை அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகு யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. நாங்கள் காலையில் அரை டம்ளர் பாலோடு நிறுத்திக்கொள்வோம். பழகிவிட்டால் தாகம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. வால்பாறையிலிருந்து சென்னைக்கு எத்தனை முறை போயிருக்கிறேன். ரயில் கழிவறை எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. சவரிராயனின் அடக்கத்தன்று காலையிலிருந்து மாலைவரை நாற்காலியை விட்டு நான் எழவில்லை. உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தேன். தோட்டத்துக் காற்று மேலே பட்டது. உடம்பு இலேசாக இருந்தது. இதைக் கோகுல்நாத்திடம் சொல்லவேண்டிய அவசியமில்லை.

மே 21

இன்று உடற்பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தேன். தொடை வலிக்கிறது. தொடை என்ற சொல்லை நான் எழுதுவது இதுவே முதல் முறை.

மே 29

உடற்பயிற்சி வகுப்பை நடத்துபவர் தாமோதரன். வங்கியில் வட்டார மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். யாரும் தேர்ந்தெடுக்காமலேயே எங்களுக்குப் பயிற்சியாளர் ஆனார். விரலில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு தன் நாடித்துடிப்பை அடிக்கடி எங்களுக்கு அறிவிக்கிறார்.

வியர்வை வழியாக உடம்பின் விஷமெல்லாம் வெளியேறும் என்பது அவருடைய கட்சி.

"என்ன விஷம்?" என்று கேட்டேன்.

"எல்லாமும்தான் மேடம். கெமிக்கல், யூரியா, மன அழுத்தம்."

"மன அழுத்தம் எந்தத் துவாரம் வழியாக வரும்?"

விரலிலிருந்த கருவியைப் பார்த்தார். "எழுபத்தாறு" என்றார்.

இருந்தாலும் அவர் சொல்லித்தரும் ஒரு பயிற்சி உருப்படியானது. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னுக்கு இழுத்து, மார்பை முன்னே சாய்த்து, கையூன்றாமல் எழவேண்டும். பார்க்க எளிது. முதல் நாள் எங்களில் ஒருவர்கூட எழவில்லை. எழுந்து பாட மறந்த ஜெபக்கூட்டம்போல அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

கிளப் ஹாலில் ஒரு சோபா இருக்கிறது. கோகுல்நாத் ஏதோ கண்காட்சியில் வாங்கியது. தரையோடு தரையாகப் பள்ளமாக இருக்கும். உட்கார்ந்தவர் உள்ளே போய்விடுவார். இரண்டு பேர் பிடித்து இழுத்தால்தான் வெளியே வருவார். நாச்சம்மாள் அதற்கு முதலை என்று பெயர் வைத்திருக்கிறார். "முதல வாயில போயி உக்காந்துட்டீங்களே, டீச்சரம்மா" என்று என்னையும் ஒருநாள் இழுத்துவிட்டார். அதை எழுதவேண்டாம் என்று இருந்தேன்.

ஜூன் 11

தென்மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. தூறல்.

கோகுல்நாத் ஹாலில் ஒரு பெரிய வரைபடம் ஒட்டியிருக்கிறார். யார் யாருக்கு எவ்வளவு ரத்த அழுத்தம், எவ்வளவு எடை என்பது எல்லோர் பார்வைக்கும். இது அநாகரிகம் என்று சொல்லப் போனேன். என் கோடு எல்லோருடையதையும்விட அழகாக இறங்கியிருந்தது. அதனால் படம் நேராக ஒட்டப்படவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நாச்சம்மாள் சௌனாவுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறார். "அரைக் கிலோ உருகிருச்சுங்!" என்று துள்ளுகிறார். உருகியது வியர்வை என்று சொன்னேன். "கொழுப்புத்தானுங் தண்ணியா வருது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், உருகியதை ஈடுகட்ட நெய் மைசூர்பா சாப்பிடுகிறார். அவருடைய கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

என்னுடையதைப்போலவே ஓர் அங்கியைத் தைத்துக்கொண்டிருக்கிறார். பூப்போட்ட துணியில்.

ஜூன் 23

கோயிலில், திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது மண்டியிட்டேன்.

கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிவது என் வழக்கமாகி நெடுநாளாயிற்று. மூட்டுவலி என்று பங்குத்தந்தையிடம் சொல்லியிருந்தேன். இன்று முழங்கால் தானாக இறங்கியது. எழும்போது முன் இருக்கையைப் பிடிக்கவில்லை. அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். கவனிக்கவேண்டும் என்று நான் செய்யவில்லை.

தூக்கமும் நன்றாக வருகிறது. சவரிராயனின் பக்கத்துத் தலையணையை எடுத்து அலமாரியில் வைத்தேன். காலை நீட்டி உறங்க இடம் வேண்டியிருக்கிறது.

ஜூலை 2

காலையில் கட்டிலிலிருந்து எழும்போது மின்விசிறியும் அறையும் சேர்ந்து சுற்றின. மின்விசிறியை நிறுத்தினேன்.

ஜூலை 14

என் பெயருக்கு நேரே தங்க நட்சத்திரம் ஒட்டியிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்தில் குடியிருப்பிலேயே முதலிடம். பள்ளியில் நன்னடத்தைக்காக ஒரு நீல ரிப்பன் தருவார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த பரிசு இதுதான்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் மிருணாளினி கேட்டார்: "தலை சுத்தல் ஏதாவது இருக்காம்மா?"

இல்லை என்றேன். எனக்கு இருப்பது தலைசுற்றல் அல்ல. எழும்போது கண்முன் சற்றே மங்கல். அவர் மங்கலைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாத்திரையெல்லாம்?"

"ஒருநாள்கூட விட்டதில்லை." அது உண்மை. அழுத்தம் அதிகமாக இருந்த காலத்தில் எழுதித்தந்த மூன்றையும் ஒழுங்காக விழுங்குகிறேன். அதில் ஒன்று அடிக்கடி கழிவறைக்கு எழுப்பிவிடும். அதைப் போட்ட பிறகு தண்ணீரை இன்னும் குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

ஜூலை 19

நட்சத்திரம் கொஞ்சம் கோணலாக இருந்தது. சரிசெய்தேன்.

ஜூலை 26

இன்று நடந்ததை உள்ளபடி எழுதவேண்டும்.

காலையில் அரை டம்ளர் காப்பி. பிறகு உடற்பயிற்சி. பிறகு சௌனா. மேல் பலகை. நாச்சம்மாள் பூப்போட்ட அங்கியில் மோரோடு கீழே. எதிரே வேறு இரண்டு பெண்கள். நேரம் முடிந்ததும் நான் நேராக எழுந்து நின்றேன். எப்போதும் அப்படித்தான் எழுவேன். முதுகு நேராக, ஒரே மூச்சில்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நாச்சம்மாளின் பூக்கள். மிக அருகில். என் தலை அவர் மடியில் இருந்தது.

"டீச்சரம்மா! ஏனுங் டீச்சரம்மா! கண்ணத் தொறங்க. அடியே, கதவத் தொறங்கடி, ஆளக் கூப்புடுங்க!" அவர் குரலே என்னைப் பாதி எழுப்பிவிட்டது. மோரை என் வாயில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மோர் உள்ளே போயிற்று.

நர்ஸ் ஓடி வந்தார். விழுந்தாரா என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் நாச்சம்மாள் முந்திக்கொண்டார்.

"உளுகலைங். மண்டி போட்டு செபம் பண்ணிட்டிருந்தாங்க. கிறிஸ்துவங்கொ அப்படித்தானுங்."

"மல்லாந்து படுத்தா?"

"அவிங்க கான்வென்ட்டுல அப்படிச் சொல்லிக்குடுத்திருப்பாங்கொ."

நர்ஸ் அழுத்தம் பார்த்தார். மேல் எண் தொண்ணூறைக்கூடத் தொடவில்லை. எழுதிக்கொண்டார்.

பிற்பாடு, பொய் சொன்னதற்காக நாச்சம்மாளைக் கடிந்துகொண்டேன். "செரிங், இனிமே சொல்லமாட்டனுங்" என்றார். நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 27

கோகுல்நாத் வந்தார். இன்றும் காப்பி வேண்டாம் என்றார்.

"ரெண்டாவது ஃபால் மேடம். பாலிசி..."

"தெரியும்."

ஆகஸ்ட் நடுவில் கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம். அரவணைப்பில் இரண்டாம் மாடியில் கிழக்குப் பார்த்த அறை காலியாக இருக்கிறதாம். நல்ல வெளிச்சம் வருமாம். அங்கே போனவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைப் பற்றித்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். என் நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள். பசை மட்டும் இருந்தது.

ஜூலை 30

டாக்டர் மிருணாளினி நிறையக் கேள்விகள் கேட்டார். இந்த முறை மங்கலைப் பற்றியும் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

"தேவையான அளவு."

"டம்ளர்ல சொல்லுங்க."

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா?"

நடுவில் எழுந்து போகவேண்டி வரும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முப்பது வயதுப் பெண். மதர் கான்ஸ்டன்ஸை அறியாதவர். விளக்கினேன். சிரிக்கமாட்டார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அம்மா, எக்சர்சைஸும் சௌனாவும் உங்களுக்கு வேலை செஞ்சிருக்கு. நிஜமாவே உங்க பிரஷர் குறைஞ்சிருச்சு. ஆனா மாத்திரை பழைய அளவிலேயே போகுது. அது ஒரு பக்கம் இறக்குது, சூடு ஒரு பக்கம் இறக்குது, வியர்வையில இருக்கிற கொஞ்சத் தண்ணியும் போயிருது. அப்புறம் நீங்க கொடிக்கம்பம் மாதிரி விறைப்பா எழுந்து நிக்கிறீங்க. ரத்தம் தலைக்கு எப்படி ஏறும்?"

"அப்படியானால் நான் பலவீனத்தால் விழவில்லை."

"இல்லம்மா. ஆரோக்கியமானதால விழுந்தீங்க. சொல்லாம இருந்ததாலயும்."

முதல் பாதியை ஆன்டனிடம் சொல்வேன்.

இரண்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நான் மிகவும் வெறுத்த அந்த ஒன்றும் அதில் போயிற்று. பதிலுக்குத் தண்ணீரை எழுதித்தந்தார். மருந்துச் சீட்டில், மற்ற மருந்துகளைப்போலவே, வேளை குறிப்பிட்டு. அடுத்த வாரத்திலிருந்து சௌனாவுக்கும் போகலாமாம். கீழ்ப் பலகையில், கொஞ்ச நேரம். கூட்டத்துக்கு அவரும் வருவார். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்து காட்டவேண்டும். காட்டினால் அவர் என் பக்கம் பேசுவார்.

ஆகஸ்ட் 3

தண்ணீர் குடிக்கிறேன். வீட்டுக்குள் மட்டும். கோயிலுக்குப் போகும் நாளில் குடிப்பதாக இல்லை.

ஆகஸ்ட் 4

கோயிலில் மங்கல். எழுந்து நிற்கவேண்டிய நேரத்தில் உட்கார்ந்தே இருந்தேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரண்டாம் முறையும் உட்கார்ந்தே இருந்தேன். பங்குத்தந்தை கவனித்தார். இந்த முறை அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

கைப்பையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். குடித்தேன். வரும் வழியில் தாமோதரன் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் எனக்காகப் பேசப்போவதாகச் சொன்னார். எவ்வளவு நேரம் பேசுவார் என்று கேட்டேன். "சுருக்கமா ஒரு அரை மணி" என்றார். என் கவலை அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 9

தரையிலிருந்து எழும் பயிற்சி. நாச்சம்மாள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். கையில் மைசூர்பா.

"கையத் தூக்குங்க. மேல, மேல. போலீசு புடிச்ச மாதிரி."

எழுந்தேன். பாதியில் விழுந்தேன். மெத்தையின்மேல். இது கணக்கில் வராது.

"ஏனுங் டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க அந்தப் பக்கம் போயிட்டா நானு யாரோட சௌனாவுக்குப் போறது? மத்தவளுகெல்லாம் தொணதொணன்னு பேசுறாளுக."

அவரிடமிருந்து ஒரு துண்டு மைசூர்பா வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் செய்கிறார்.

ஆகஸ்ட் 12

கூட்டம் காலை பத்து மணிக்கு. டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுப் போனேன். மங்கல் வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், அதற்குமேல் இன்னும் ஒரு டம்ளர்.

கிளப் ஹால். பெரிய டிவியில் பின்லாந்திலிருந்து ஆன்டன். மேசைக்கு அந்தப் பக்கம் கோகுல்நாத், டாக்டர் மிருணாளினி. கோகுல்நாத் என்னை மரியாதையாக அழைத்துச் சென்று முதலையில் உட்காரவைத்தார். பக்கத்தில், அதே சோபாவில், தாமோதரன். கதவோரம் நாச்சம்மாள், அழைக்கப்படாதவர்.

கோகுல்நாத் திரையில் படங்கள் காட்டினார். 'பாதுகாப்பே அன்பு' என்று முதல் படம். அரவணைப்பின் கிழக்கு ஜன்னல் அடுத்த படம். வெளிச்சம். கைப்பிடி வைத்த குளியலறை. சிரித்த முகத்தோடு உதவியாளர், கையில் ஒரு மக். பிறகு தாமோதரன் எனக்காகப் பேசினார். வியர்வை, விஷம், தோல், பண்டைய ரோம் ஆகியவற்றைக் கடந்து என்னிடம் வந்துசேர வெகுநேரம் ஆயிற்று.

எனக்குத் தேவை ஏற்பட்டது.

முதலில் பொருட்படுத்தவில்லை. இதைவிட நீண்ட திருப்பலிகளில் அமர்ந்திருக்கிறேன். ஆனால் அந்தத் திருப்பலிகளுக்கு நான் வறண்டு போயிருப்பேன். இன்று என்னுள் மருந்துச் சீட்டு முழுவதும் இருந்தது. தாமோதரன் ரோமிலிருந்து துருக்கிக்குப் போனார். நான் அடக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். எழாமல் போவதைவிடக் கேவலமான ஒன்று நடக்கலாம். எல்லோர் முன்னும். ஆன்டன் முன்னும். பிறகு குளிப்பாட்டும் ஆள் எனக்கு உண்மையாகவே தேவைப்படுவார்.

கையை உயர்த்தினேன்.

தாமோதரன் பேச்சை நிறுத்தினார். "என்னங்க மேடம்?"

"நான் பாத்ரூம் போகவேண்டும்."

மதர் கான்ஸ்டன்ஸ் பார்ப்பதுபோல் இருந்தது. நானும் அவரைப் பார்த்தேன்.

"ரெண்டே நிமிஷம் மேடம், சார் முடிச்சிருவாரு" என்றார் கோகுல்நாத்.

"அவர் முடிக்கமாட்டார். நான் இப்போதே போகவேண்டும்."

கதவோரத்தில் நாச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

குதிகாலைப் பின்னுக்கு இழுத்தேன். மார்பை முன்னே சாய்த்தேன். சற்றுப் பொறுத்தேன், கொடிக்கம்பமாக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலை தெளிவாக இருந்தது. எழுந்தேன். என் இரண்டு கைகளும் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தன. நடந்து போனேன். அவசரம் இருந்தது, ஓடவில்லை.

திரும்பி வந்தேன். எல்லோரும் சோபாவில் நான் உட்கார்ந்திருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மம்மி," என்றான் டிவியில் ஆன்டன், "அதுலேர்ந்து எப்படி எழுந்தீங்க? நான் போன வருஷம் வந்தப்ப என்னை ரெண்டு பேர் இழுத்தாங்க."

தரையில் உட்காரக் குனிந்தேன். டாக்டர் கையைக் காட்டித் தடுத்தார். "வேண்டாம்மா. நான் பாத்துட்டேன்." எழுதிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், பாலிசிப்படி ரெண்டு ஃபால்..." என்று கோகுல்நாத் ஆரம்பித்தார்.

"ரெண்டும் மாத்திரையும் தண்ணியும் பண்ணின வேலை. ரெண்டையும் சரி பண்ணியாச்சு. கையெழுத்து போட்டுத் தர்றேன். அரவணைப்புக்கு அனுப்பணும்னா அந்தச் சோபாவை அனுப்புங்க."

"மம்மி வீட்டுலயே இருக்கட்டும்" என்றான் ஆன்டன். அவனுக்கு நிம்மதியா என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கைகொடுப்பதற்காகத் தாமோதரன் எழ முயன்றார். முடியவில்லை. நாச்சம்மாளும் கோகுல்நாத்தும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கோகுல்நாத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 16

சௌனா. கீழ்ப் பலகை. நாச்சம்மாளின் தூக்கிலிருந்து மோர் வாங்கிக் குடித்தேன். பெருங்காயம் அதிகம்; சொன்னேன். சற்று நேரத்தில் மெதுவாக எழுந்து வெளியே போனேன்.

"கதவச் சாத்துங் டீச்சரம்மா! சூடெல்லாம் போவுது!"

சாத்தினேன்.